ஹவில்தாரின் வாபஸ்

“இங்க ஒருத்தருக்கும் தெரியாது மேடம்” என்று ஹவில்தார் ஏசுபாதம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உச்சி வெயிலில், இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று கம்பெனிக்குள்ளிருந்து ஊர்ந்து வந்து கேட்டில் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். எங்களுக்கு எதிரே இருந்த காவல் அறைக் கண்ணாடியில் வெளிச்சம் மினுக்கியது. ஹவில்தார் திரும்பிப் பார்த்து, குறுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட்டு, ஓட்டுநரிடம் “வாபஸ் கப்?” என்று கேட்டார். இந்தியில், எப்போது திரும்பி வருவாய் என்று அர்த்தம். ஓட்டுநர் மேற்கே கை காட்டி, பொழுது சாய்கிற மாதிரி உள்ளங்கையைச் சாய்த்தார். லாரி போய்விட்டது.

பட்டப்பகலில் எதற்கு ஹெட்லைட்?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்களுக்குத் தெரியும் என்பதை அவருக்கு மட்டும் தெரியாமல் வைத்திருக்கிறார்கள்.

புதிதாக நம் சட்ட உதவி மையத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு நரைக்கவும் இல்லை, நரைக்கும்வரை காத்திருக்கப் பொறுமையும் இல்லை. அடுத்த மாதம் முதல் நான் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாய வழக்குகளை மட்டும் பார்க்கப் போகிறேன். திருவள்ளூரில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அந்த ஆடுகிற மேசையும், முன்னாள் படைவீரர் மனுக்களும் இனி உங்களுடையவை. மனு எப்படித் தயாரிப்பது, எந்தப் பக்கத்தில் எந்த முத்திரை என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். வழக்கை நடத்தச் சொல்லி வருகிறவரைச் சமாளிப்பதும் சுலபம்தான். வழக்கே வேண்டாம் என்று ஒருவர் வந்து நிற்பாரே, அவரிடம் என்ன செய்வது? அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏசுபாதம் விஷயத்தில்தான் முட்டி மோதித் தெரிந்துகொண்டேன்.

அவர் பீரங்கிப் படையில் இருந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பீரங்கிக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றதில் இடது காது போய்விட்டது. வலது காது பாதி. ராணுவ மருத்துவக் குழு, இந்தப் பாதிப்பு பணியால் வந்தது அல்ல என்று எழுதிவிட்டது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் நேர்மையாக, ஆரணி ஆற்றில் குதித்து விளையாடிய காலத்தில் ஒரு தடவை வடிந்தது என்று சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். பணிக்கால ஓய்வூதியம் வருகிறது. காது பாதிப்புக்கான கூடுதல் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அதை எதிர்த்து நாம் போட்ட மேல்முறையீடு தீர்ப்பாயத்தில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சாதகமாக முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. சரியாகச் சொன்னால், எனக்கு அது ஆசையாகவே மாறியிருந்தது.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது.

“மேடம், அந்தக் கேஸ வாபஸ் வாங்கிடுங்க.”

“என்ன ஹவில்தார் சொல்றீங்க? ஜெயிக்கிற கேஸு. யாராவது மிரட்டுறாங்களா?”

“ஆமா மேடம்.”

“யாரு?”

“சரி மேடம்.”

“யாருன்னு கேக்குறேன்!”

“ஆமா மேடம், வெச்சிடறேன்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. மிரட்டுகிறார்கள், பெயரைச் சொல்லப் பயப்படுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் நான் குடியிருக்கும் கடம்பத்தூரில் ரயில் ஏறி, சென்னை போய், வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். வழி முழுவதும் மனத்துக்குள் புகார் மனு எழுதிக்கொண்டே போனேன். ஷேர் ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடிசா பையன்கள் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். முகம் அப்படி இருந்திருக்கும்.

மிரட்டல் எதுவும் இல்லை. கேட்டில் லாரிச் சத்தத்துக்கு நடுவே போனை எடுத்தவருக்கு நான் கேட்டது எதுவுமே விழவில்லை. விழாதபோது அவர் வைத்திருக்கும் பதில்கள் இரண்டு: ஆமா, சரி. ஊரில் பாதிப் பேரிடம் அதை வைத்தே பிழைத்திருக்கிறார். காது கேட்காதவரின் வழக்கை நடத்தும் வக்கீல், அவரைப் போனில் விசாரித்துவிட்டு அந்தப் பதிலை நம்பிக் கிளம்பியிருக்கிறேன். நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

உண்மைக் காரணத்தை நேரில் சொன்னார். அவரை வேலைக்கு வைத்திருப்பது செக்யூரிட்டி ஏஜென்சி. ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஓய்வூதிய உத்தரவின் நகலைக் கேட்பார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்பதற்கு அத்தாட்சி அதுதான். வழக்கில் ஜெயித்தால் அந்த உத்தரவில் காது விஷயம் ஏறிவிடும். பக்கத்து கேட்டில் நின்ற ஒருவரைக் கண்ணில் புரை என்று போன வருஷம் நிறுத்திவிட்டார்களாம்.

“அந்தப் பென்ஷன் வரும் மேடம், வேலை பூடும். ரெண்டயும் வெச்சிப் பாத்தேன். பசங்க படிச்சிக்கினு கீதுங்க. அதுகூட உடுங்க. காலைல யூனிஃபார்ம் மாட்டிக்கினு கெளம்பறேன் பாருங்க, அத உட்டுட்டு ஊட்ல குந்திக்கினு கெடந்தா நான் செத்துடுவேன்.”

“இங்க தெரிஞ்சிருந்தா?”

“இங்க ஒருத்தருக்கும் தெரியாது மேடம்.”

அப்போதுதான் அந்த ஹெட்லைட்.

அவரிடம் ஒன்றும் கேட்காமல், எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். நம்மிடம் வருகிறவர் சொன்னதைப் பிறரிடம் சொல்லக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் டீயை வாங்கிக்கொண்டு, “இங்க யாரும் ஹாரனே அடிக்க மாட்டாங்களாக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

கடைக்காரப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ இன்னா, ஆஃபீஸ்லேந்து வர்றியா?”

“இல்லக்கா. ஹவில்தாருக்குத் தெரிஞ்சவ.”

“அப்ப வாய மூடிக்கினு குடி. அவுல்தாரு வலது பக்கமா நின்னு பேசு. இடது பக்கம் நின்னா ஆமான்னுவாரு, சரின்னுவாரு. நீ அவரு சொத்தையே எழுதிக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாரு.”

பெஞ்சில் இருந்த லோடுமேன் ஒருவர் சிரித்தார். “சூப்பர்வைசரே டிரைவருங்ககிட்ட சொல்லி வெச்சிகீறாரு. ஹாரன் அடிச்சா இன்னா புண்ணியம், லைட்டு போடுன்னு. புது டிரைவரு எவனாவது வந்து பேய் மாதிரி அமுக்கிக்கினு நின்னா அக்காதான் மொதல்ல எழுந்து கைய ஆட்டும்.”

“அந்த மனுஷன உட்டா இந்திக்காரப் பசங்களுக்கு இங்க யாரு கீறா?” என்றார் அக்கா. “ஒடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறது அவரு. போலீஸ் புடிச்சா பேசறது அவரு. காது இன்னாத்துக்கு? எங்களுக்கு அவரு வாயி போதும்.”

“இத அவர்கிட்டயே சொல்லலாமேக்கா?”

“ஐய, அவுரு எவ்ளோ பாடுபட்டு மறைச்சிக்கினு கீறாரு! போட்டு ஒடைக்கச் சொல்றியா?”

நான் டீயை முடித்தேன். சூப்பர்வைசருக்குத் தெரியும், சரி. ஏஜென்சியின் சென்னை ஆஃபீசுக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எனவே ஹவில்தாரின் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. கேட்டில் இருப்பவர்களின் அன்பை ஆதாரமாக வைத்து “வழக்கை நடத்துங்கள், வேலை போகாது” என்று நான் உத்தரவாதம் தர முடியாது. வேலை அவருடையது. மேல்முறையீடும் அவருடையதுதான், என்னுடையது இல்லை. திரும்பி வரும் ரயிலில் இந்த ஒரு வரியை விழுங்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

ஆனால் ஒரு வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது. நம் ஊரில் வாபஸ் என்றால் தோல்வி. தேர்தலில் வாபஸ் வாங்கினான் என்றால் எதையோ வாங்கிக்கொண்டான் என்று பேச்சு. இந்த மனிதர் அதே வார்த்தையை, போகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்துத் திரும்பி வருவதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அர்த்தத்தில் ஒரு வாபஸ் வாங்க முடியுமா? முடியும். புதிய ஆதாரங்களோடு மீண்டும் தாக்கல் செய்யும் உரிமையைக் கொடுத்து, வாபஸ் பெற அனுமதியுங்கள் என்று தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். உரிமை இல்லாமல் வாபஸ் பெற்றால் கதவு மூடினது மூடினதுதான். அவர் பணியாற்றிய பீரங்கிப் பயிற்சிக் களங்களைப் பற்றிய விவரங்களை நாங்கள் உண்மையிலேயே இன்னும் முழுதாகப் பெற்றிருக்கவில்லை. ஆகவே காரணமும் பொய் இல்லை.

விசாரணை நாளன்று ஹவில்தார் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். இரண்டு பேர் கொண்ட அமர்வு. ஒருவர் நீதித் துறையிலிருந்து வந்தவர். மற்றவர் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி.

நான் கோரிக்கையைச் சொன்னதும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். வாபஸ் பெறுவதில் ஆட்சேபணை இல்லை, மறுபடி வரும் உரிமை எதற்கு, அரசை எத்தனை முறை இழுப்பார்கள் என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நீதித் துறை உறுப்பினர் ஹவில்தாரைப் பார்த்து, தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில் கேட்டார்: “வாபஸ் பெறச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா?”

ஹவில்தார் விறைப்பாக நின்று, அறை அதிர, “யெஸ் சார்!” என்றார்.

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். “யார்?”

“யெஸ் சார்!”

எல்லார் பார்வையும் என் மேல் திரும்பியது. கட்சிக்காரரை மிரட்டி வழக்கை முடித்துக்கொள்ளும் வக்கீல் என்று அந்தப் பார்வைகள் சொல்லின. “அவருக்குக் காது கேட்கவில்லை ஐயா” என்று சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன்.

திறந்தவள் நிறுத்தியதற்குக் காரணம் டீக்கடை அக்காதான். வழக்குக் காகிதத்தில் எழுதியிருப்பது வேறு; இத்தனை வருஷம் ஒரு கேட்டு முழுக்கச் சேர்ந்து காப்பாற்றியதை, நான் ஒரு வாக்கியத்தில், இத்தனை பேர் முன்னால் உடைப்பதா?

அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன். சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். “ஐயா அனுமதித்தால் கேள்வியைத் தமிழில் சொல்கிறேன்” என்றேன். தலையசைத்தார்கள். ஹவில்தாரிடம், அவர் என் வாயைப் பார்க்கும்படி நின்று, கேள்வியைச் சொன்னேன்.

அவர் முகம் கறுத்துச் சிவந்தது. “ஐயோ, யாரும் இல்ல சார். நோ சார். என் சொந்த முடிவு சார்.”

ராணுவ அதிகாரியாக இருந்த உறுப்பினர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பீரங்கிச் சத்தத்துக்குப் பக்கத்தில் அவரும் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். மெதுவாக என்னிடம் சொன்னார்: “வக்கீல், நாங்கள் இப்போது ஒன்றைப் பார்த்தோம். வழக்கை வாபஸ் பெறத்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறீர்களா?”

புரிகிறதா? அதைவிட நல்ல சாட்சி எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. அமர்வே கண்ணால் பார்த்துவிட்டது. அந்த இடத்தில் “வாதிடுகிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே பாதி ஜெயித்திருப்பேன். அரசுத் தரப்பு வழக்கறிஞரே கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கும் ஒரு நாள் இந்த இடம் வரும். நாக்கு நுனியில் வெற்றி இனிக்கும். பக்கத்தில் நிற்கிறவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

ஒரு நிமிடம் அனுமதி கேட்டேன். ஹவில்தாரின் வலது காதருகே குனிந்தேன்.

“இப்பவே நடத்தலாம் ஹவில்தார். ஜெயிச்சிடலாம்னு தோணுது.”

“உத்தரவுல காதுன்னு எழுதுவாங்களா?”

“எழுதுவாங்க.”

“அப்ப வேணாம் மேடம். வாபஸ்.”

நிமிர்ந்து, “மனுதாரர் உறுதியாக இருக்கிறார். மீண்டும் வரும் உரிமையோடு வாபஸ் பெற அனுமதி கோருகிறேன்” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. ஒரு பிரியாணிப் பொட்டலத்தைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்த மாதிரி இருந்தது.

இரண்டு உறுப்பினர்களும் தலைசாய்த்துப் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த முன்னாள் அதிகாரி கொஞ்சம் முன்னால் குனிந்து, ஹவில்தாரை நேராகப் பார்த்து, உதடுகள் தெரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாக, இந்தியில் கேட்டார்.

“ஹவில்தார். வாபஸ் கப் ஆவோகே?”

தினமும் லாரிகளைப் பார்த்து அவர் கேட்கும் கேள்வி. அதைக் கேட்க அவருக்குக் காதே வேண்டியதில்லை, உதட்டிலேயே படித்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியதைப் பார்த்தேன்.

“ஜல்தி, சாப்!” என்றார். சீக்கிரம் வருகிறேன் என்று.

மீண்டும் தாக்கல் செய்யும் உரிமையோடு வாபஸ் பெற அனுமதித்து உத்தரவு வந்தது. அதில் காதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சென்ட்ரலில் அவர் கும்மிடிப்பூண்டி வண்டிக்கும் நான் அரக்கோணம் வண்டிக்கும் பிரிந்தோம். பிரிவதற்கு முன், “அந்த மொத கேள்வி எனக்குச் சரியா உழுல மேடம். அங்க ஃபேன் சத்தம் ஜாஸ்தி” என்றார்.

“ஆமா ஹவில்தார், ஃபேன் சத்தம்தான்” என்றேன்.

வண்டி திருவள்ளூரைக்கூடத் தொடவில்லை, அவர் மனைவி கன்னியம்மா போன் செய்தார். பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குப்பத்துக்காரர்; இருவரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். குரலே அடிக்கிற மாதிரி இருக்கும்.

“இன்னா வக்கீலம்மா, வாபஸ் வாங்கிட்டீங்களாமே? எவ்ளோ டப்பு வாங்கினாரு உங்காளுன்னு எங்கண்ணன் பொண்டாட்டி கேக்கறா. நான் எங்க போயி மொகத்த வெச்சிக்கிறது?”

மறுபடி வருவதற்கான வாபஸ் என்று விளக்கினேன். அண்ணன் பொண்டாட்டியிடம் அதையே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, “அந்த ஆளுக்கு இன்னாத்துக்குப் பயம்? கேட்ல அத்தினி பேருக்கும் தெரியும். அந்த சூப்பர்வைசரே எங்கூட்டுக்கு வந்து மீனு தின்னுட்டு, ‘அவரு மெயின் கேட்ல வேணாம், ஆளுங்க நடக்குற கேட்ல போடறேன், அவரு வாயத் தொறந்து கேக்கணும்’னு சொல்லிட்டுப் போனாரு” என்றார்.

“இத அவர்கிட்ட நீங்க சொல்லலாமே?”

“சொல்லலாம். எப்டி சொல்றது? மெதுவா சொன்னா அவருக்கு உழாது. கத்திச் சொன்னா குப்பமே கேக்கும். பொண்டாட்டி புருசன் ரகசியத்தக் கூரை மேல ஏறிக் கூவற மாதிரி ஆவும். பேஜாரு புடிச்ச காதும்மா அது.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது இருவருக்கும் கண் கலங்கியிருந்தது போனிலேயே தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். இந்த வழக்கில் மிச்சமிருக்கும் ஒரே சிக்கல் அதுதான். தன் காது கேட்காது என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் தன்னை வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தால், ஆட்கள் நடக்கும் கேட்டுக்குத் தன்னை மாற்றச் சொல்வார். மெயின் கேட்டில் ஒரு புது டிரைவர் ஹாரனை மட்டும் நம்பிப் பின்னால் வருகிற ஆபத்தும் போகும். சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தால் ஏஜென்சியின் சென்னை ஆஃபீசிடம் நாம் பேசலாம். பேசி வழிக்கு வந்தால், மூடாமல் வைத்திருக்கும் கதவு வழியாகத் தீர்ப்பாயத்துக்கும் திரும்பப் போகலாம். பேசியும் வழிக்கு வரவில்லை என்றால் வழக்கு வேண்டாம் என்று அவர் சொல்வதை நான் மறுபடியும் கேட்டுக்கொள்வேன். எல்லாம் ஒரே ஒரு ரகசியத்தை அவரிடம் கத்திச் சொல்வதில் இருக்கிறது. அவர் அவமானப்படாத ஒரு இடத்தில்.

டீக்கடையில் முடியாது. கோர்ட்டில் முடியாது. அவர் வீட்டுச் சுவர் ஒற்றைச் செங்கல்.

கன்னியம்மாவின் அண்ணனிடம் ஒரு படகு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்க வந்தேன், ஏரியைச் சுற்றிக் காட்டுங்கள் என்று நான் ஹவில்தாரிடம் கேட்பதாகத் திட்டம். கரை கண்ணுக்கு மறைகிற தூரம் போனதும் கன்னியம்மா எஞ்சினை நிறுத்தச் சொல்வார். அவர் அண்ணன் வலையைப் பார்க்கிற மாதிரி முதுகைக் காட்டி உட்காருவார். நான் ஹவில்தாரின் வலது பக்கம் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து கத்தப் போகிறேன்.